முதல் ஞாயிற்றுச் சாப்பாடு

தம்பி செத்து மூன்று கிழமையாகியும் மனோன்மணி ரீச்சருக்கு அழுகை வரவில்லை. விடிய எழும்பினார், முற்றம் கூட்டினார், கோழிக்குத் தீன் போட்டார், வேதம் வாசித்தார், பிரசர் குளிசையை நேரத்துக்கு விழுங்கினார். சப்பணம் கட்டி நெடுநேரம் இருந்தால் கால் விறைத்துப்போய், நுள்ளினாலும் தெரியாதே, நெஞ்சு அப்படிக் கிடந்தது. சேமக்காலையில் தம்பியின் குழிக்குள் ஒரு பிடி மண் அள்ளிப் போட்டபோது கையில் மண் ஒட்டியிருக்கிறது, கழுவ வேண்டும் என்றுதான் தோன்றியது. பார்க்க வந்த சனம், "ரீச்சர் விசுவாசமுள்ள மனிசி, எப்பிடித் தாங்கிறா பாருங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனது. அவரும் ஓம் என்று தலையாட்டி வைத்தார்.

தாங்கவில்லை, தாங்குவதற்கு ஒன்றும் வந்து சேரவில்லை என்று யாரிடம் சொல்வது? ஒரே ஒரு நம்பிக்கைதான் மிச்சமிருந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு வரும். திருவிருந்துக்கு முழங்காலில் நிற்கும்போது, அப்பத்தையும் திராட்ச ரசத்தையும் வாங்கும்போது, ஏதாவது இளகும். அப்போதும் இளகாவிட்டால் கூடப்பிறந்தவனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமலே தானும் போய்ச் சேர வேண்டியதுதான். அந்தப் பயம் மட்டும் உள்ளே எங்கோ உயிரோடு இருந்தது.

ரீச்சருக்கு அறுபத்தெட்டு வயது. கலியாணம் கட்டவில்லை. பண்டத்தரிப்பில் முப்பத்தைந்து வருசம் கணக்குப் படிப்பித்தவர். ஓய்வு பெற்ற பிறகு, முதன்முதல் திருவிருந்தில் சேரப்போகும் பிள்ளைகளுக்கு அதன் கருத்தைச் சொல்லிக்கொடுப்பது அவருடைய பொறுப்பு. ஒரு முழுப் பாணை மேசையில் வைத்து, பிய்த்துப் பிய்த்து எல்லாருக்கும் கொடுப்பார். தின்று முடிந்ததும், "இப்ப அந்தப் பாண் எங்கை?" என்று கேட்பார். "வயித்துக்கை" என்று பிள்ளைகள் சிரிக்கும். "எல்லாற்றை வயித்துக்கையும் ஒரே பாண். அப்ப நீங்கள் எல்லாரும் ஆர்? ஒரே ஆள். இனி இவன் வேறை, அவள் வேறை எண்டு சொல்லேலாது." நல்ல பாடம். எந்தப் போதகரும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. அதைச் சொல்லிக்கொடுத்த மனிசி, சொந்தத் தம்பியின் வீட்டில் முப்பத்தொரு வருசமாக ஒரு மிடறு தண்ணீர் குடித்ததில்லை என்பதுதான் சங்கதி.

தம்பி ஜெபநேசன் கட்டியது இராசமலரை. தொண்ணூறாம் ஆண்டு மயிலிட்டிக் கரை முழுதும் சண்டையால் இடம்பெயர்ந்து ஓடிவந்தபோது, அவளுடைய குடும்பம் பண்டத்தரிப்புப் பள்ளிக்கூட மண்டபத்தில் பாய் விரித்துக் கிடந்தது. தகப்பன் கடற்றொழிலாளி. மண்டபத்துக்கு அரிசி நிறுத்துக் கொடுக்கப் போனவன் ஜெபநேசன். மூன்று வருசம் கழித்து, ரீச்சர் பேசாமல் இருந்த இரண்டு மாதத்தையும் தாண்டி, பதிவுக் கலியாணம் செய்துகொண்டான்.

சாதி என்று ரீச்சர் ஒருநாளும் வாய் திறந்து சொன்னதில்லை. படித்த மனிசி, அப்படிச் சொல்வாரா? "ஞானஸ்நானம் எடாத பிள்ளை. பிள்ளையாருக்குப் படைக்கிற அடுப்பு. எனக்கு மனம் ஒரு மாதிரி" என்பார். பக்கத்து வீட்டுப் பொன்னம்பலத்தாரும் பிள்ளையாருக்குப் படைக்கிற சைவக்காரர்தான். அவர் வீட்டுத் தைப்பொங்கலை வருசா வருசம் வாங்கி, பாத்திரத்தை வழித்துச் சாப்பிட்டபோது ரீச்சருக்கு மனம் ஒரு மாதிரியும் ஆகவில்லை. இதை யாராவது கேட்டிருந்தால் பேச்சை எங்கே திருப்புவது என்று அவருக்குத் தெரியும். நல்லகாலம், ஒருவரும் கேட்கவில்லை. பாதிப்பேருக்கு அதே மனந்தான்.

கலியாணமான புதிதில் இராசமலர் ஒருமுறை "மச்சாள்" என்று கூப்பிட்டாள். ரீச்சர் ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பிறகு அவளும் ஊரைப்போல "ரீச்சர்" என்றே கூப்பிடப் பழகிக்கொண்டாள்.

ஜெபநேசன் சண்டை பிடிக்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் பின்னேரம் அக்காவிடம் வருவான், குந்தியிருந்து தேத்தண்ணி குடிப்பான், கோயில் கதை கதைப்பான், போவான். "ஒருக்கா வீட்டை வாவன் அக்கா" என்று தொடக்கத்தில் சில தடவை கேட்டான். பிறகு விட்டுவிட்டான். தம்பிக்கு விளங்கிவிட்டது, ஏற்றுக்கொண்டுவிட்டான் என்று ரீச்சர் நினைத்தார். செத்த வீட்டிலும் அவர் வேலிப் படலைக்கு வெளியே மாமர நிழலில்தான் கதிரை போட்டு இருந்தார். வீட்டிலிருந்து கொண்டுபோன தண்ணீர்ப் போத்தல் கதிரைக்குக் கீழே இருந்தது. கனடாவிலிருந்து வந்த தம்பி மகன் லோஜன், தகப்பனின் முகத்தைப் பார்த்து ஓவென்று அழுதுகொண்டு நின்றபோது, தான் அந்தப் போத்தலைத் திறந்து இரண்டு மிடறு குடித்ததை ரீச்சர் இப்போது நினைத்துப் பார்க்கிறார். எட்டாம் நாள் காரியம், எட்டுச் செலவு, முடிந்து லோஜனும் போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை பின்னேரம், தம்பி வருகிற நேரத்துக்கு, போதகர் கிறிஸ்ரி வந்தார். கொழும்புத்துறைப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்து ஆறு மாதந்தான், இளவயது.

"நாளையிண்டைக்கு ஞாயிறு, திருவிருந்து, ரீச்சர். ஜெபநேசன் அண்ணைதான் ரசம் காய்ச்சி, குவளை கழுவி எல்லாம் பாத்தவர். தட்டும் சாமானும் அவரின்ரை வீட்டிலை. நீங்கள் ஒருக்கா எடுத்து, இந்த முறை ரசத்தையும் ஆயத்தப்படுத்தித் தருவியளோ?"

"அவன் எப்பிடிக் காய்ச்சினவன் எண்டு எனக்குத் தெரியாதே."

"அண்ணியைக் கேட்டால் சொல்லுவா" என்றார் போதகர். அவருக்கு இந்த வீட்டுக் கதைகள் தெரியாது.

ஜெபநேசன் காய்ச்சும் ரசத்துக்கு அந்தச் சபையில் ஒரு பேர் இருந்தது. தன் வளவில் போட்ட முந்திரிகைப் பந்தலில் திராட்சைக் குலை பிடுங்கி, அவித்து, வெள்ளைத் துணியில் வடித்து, உள்ளே ஒரு துண்டு கறுவாப்பட்டை போட்டிருக்கும். கட்டைவிரல் பருமன் கண்ணாடிக் குவளையில் ஒரு மிடறுதான். அந்தக் கறுவா வாசம் மத்தியானம் வரைக்கும் தொண்டையில் நிற்கும். ரீச்சருக்கு ஆண்டவரின் மேசை என்றால் அந்த வாசம்தான்.

சனிக்கிழமை மூன்று மணிக்குப் பனையோலைக் கடகமும் கையுமாகப் போய், தம்பி வீட்டுப் படலையைத் திறந்தார். முப்பத்தொரு வருசம் தாண்டாத படலை. காலை எடுத்து வைக்கும்போது ஏதாவது தோன்றும் என்று பார்த்தார். ஒன்றும் தோன்றவில்லை. வளவு கூட்டிக் கிடந்தது. முந்திரிகைப் பந்தலின் கீழே தம்பியின் செருப்பு இரண்டும் அப்படியே இருந்தன. அவற்றைத் தாண்டி, பின்பக்கமாக வந்த வாசத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கறுவா.

அடுப்படியில் இராசமலர் நின்றாள். ஈரத்தலை, துவாயால் கட்டியிருந்தாள். நெற்றியில் பொட்டில்லை, திருநீறு மட்டும். அடுப்பில் இருந்த சட்டியை அகப்பையால் துழாவிக்கொண்டிருந்தாள். ரீச்சரைக் கண்டு திடுக்கிடவில்லை. திடுக்கிடுகிற மனமும் அவளுக்கு மிச்சமில்லை போலிருந்தது.

"வாங்கோ ரீச்சர்" என்று ஒரு கதிரையைத் தள்ளினாள். தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்று எப்போதோ படித்துவிட்டாள்.

"போதகர் அனுப்பினவர். தட்டும் குவளையளும் எடுக்கச் சொல்லி."

"கழுவித் துடைச்சு வைச்சிருக்கிறன். ரசம் இப்பதான் கொதிக்குது. ஆறினாப் பிறகு வடிச்சுத் தாறன், கொஞ்சம் இருங்கோ."

"நீரோ காய்ச்சிறீர்?"

"ஓம். சனிக்கிழமை எண்டவுடனை கை தன்பாட்டிலை அடுப்பை மூட்டிப்போட்டுது."

"தம்பியெல்லோ காய்ச்சிறவன்?"

இராசமலர் திரும்பிப் பார்த்தாள். "அவரோ? அவருக்கு நெருப்புப்பெட்டி இருக்கிற இடமே தெரியாது. பழம் புடுங்கித் தருவார். காய்ச்சினது, வடிச்சது, குவளை கழுவினது எல்லாம் நான்தான்."

"எவ்வளவு காலமா?"

"அவர் கோயில் பொறுப்பெடுத்த நாளிலையிருந்து. லோஜன் அப்ப தவழுறான்."

லோஜனுக்கு இருபத்தெட்டு வயது. கணக்குப் படிப்பித்த தலை கேட்காமலே பெருக்கியது. முந்நூறுக்கு மேல். முந்நூறு தடவைக்கு மேல் இந்தக் கையால் காய்ச்சியதைத் தான் முழங்காலில் நின்று, கண்ணை மூடி, தலை குனிந்து வாங்கிக் குடித்திருக்கிறார். தம்பி தெரிந்துகொண்டே பக்கத்தில் நின்றிருக்கிறான். கோபம் வர வேண்டிய இடம் இது என்று அவருக்குத் தெரிந்தது. அதுவும் வரவில்லை.

"காய்ச்சிற அண்டைக்கு நான் மீன் சட்டி தொடுறேல்லை" என்றாள் இராசமலர், அவர் தன் கையைப் பார்த்ததை வேறு விதமாக எடுத்துக்கொண்டு. "தலைக்கு முழுகித்தான் அடுப்பு மூட்டுவன். உங்கடை கோயில் சாமான், எனக்குத் தெரியும்தானே."

ரசம் ஆறும்வரை ரீச்சர் கதிரையிலேயே இருந்தார். ரீச்சருக்குத் தண்ணீர் விடாய்த்தது. கேட்கவில்லை. கடைசியில் ரசம் போத்தலுக்குள் போனது, போத்தல் கடகத்துக்குள் போனது.

வீட்டுக்கு வருகிற வழியில் சந்திக் கடையில் ரீச்சர் நின்றார். ஒரு போத்தல் கோடியல் வாங்கினார், சிவப்பு நிறம் போட்ட முந்திரிகைக் கோடியல், தண்ணீர் கலந்து கலியாண வீடுகளில் கொடுப்பார்களே, அது. வாங்கும்போது மனசுக்குள் காரணங்களை ஒழுங்காக அடுக்கினார். ஞானஸ்நானம் இல்லாத கை. சபைக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. தெரியாமல் குடித்தது பாவமில்லை, தெரிந்து குடித்தால் தவறு. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பொய்க் காரணத்துக்கு எப்போதும் ஒழுங்கு கூட. வீட்டுக்கு வந்து இராசமலரின் போத்தலைப் பின்வளவுக் கோடிக்குள் ஊற்றிவிடலாம் என்று மூடியைத் திறந்தார். கறுவா வாசம் எழுந்தது. திரும்ப மூடி, குசினித் தட்டில் சீனி டப்பாவுக்குப் பின்னால் தள்ளி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறையச் சனம். தம்பி வழக்கமாக நிற்கிற தூணடியில் இடம் வெறுமையாக இருந்தது. போதகர் மேசையின் முன்னால் நின்று, அயலாரோடு சமாதானமாக இருக்கிறவர்கள் வாருங்கள் என்ற பொருளில் வழக்கமான அழைப்பை வாசித்தார். ரீச்சர் அதை வாழ்நாள் முழுக்கக் கேட்டிருக்கிறார். ஒரு தடவையேனும் எழும்பாமல் இருந்ததில்லை. இன்றைக்கும் எழும்பினார், போய் முழங்காலில் நின்றார். இடது கைமேல் வலது கையை வைத்து ஏந்தினார். பாண் துண்டு விழுந்தது, வாயில் போட்டார். பிறகு குவளை.

குடித்த பிறகுதான் தான் எதற்காகக் காத்திருந்தார் என்று அவருக்குத் தெரிந்தது. அந்தக் கறுவா வாசத்துக்காக. மூன்று கிழமையாக, அது தொண்டையில் இறங்கும்போது அழுகை வரும் என்று தன்னையறியாமல் நம்பியிருந்தார். நாக்கில் இருந்தது சீனியும் சாயமும். வெறும் இனிப்பு. இப்படி ஆக்கியது வேறு யாருமில்லை, தன்னுடைய கைதான். முழங்காலில் நின்றபடி கண்ணை இறுக்கி மூடிப் பார்த்தார். ஒன்றுமில்லை. பக்கத்து மனிசி எழும்பிய சத்தம் கேட்டு அவரும் எழும்பினார்.

வெளியே வந்தபோது, பாடகர் குழுவில் பாடுகிற நிமலினி கையைப் பிடித்துக்கொண்டாள். "ஜெபநேசன் அண்ணை இல்லாத குறை ரசத்திலையே தெரியுது, என்ன ரீச்சர்?" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தாள். ஊராள் ஒருத்திக்குக் கூட அழுகை வந்துவிட்டது.

குவளைகளைக் கழுவ வேண்டும். தன் வீட்டில் வைத்தே கழுவியிருக்கலாம், தண்ணீருக்கா பஞ்சம்? ஆனால் ரீச்சருடைய கால் தம்பி வீட்டுப் பக்கந்தான் போனது. இராசமலர் கிணற்றடியில் சம்பல் இடித்த உரலைக் கழுவிக்கொண்டிருந்தாள். எழும்பிக் கடகத்தை வாங்கினாள். முதல் குவளையை எடுத்தவள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அடியில் ஒரு சொட்டுச் சிவப்பு ஒட்டியிருந்தது. மூக்கடியில் கொண்டுபோனாள்.

"நான் தந்தது பழுதாப்போச்சோ, ரீச்சர்? புளிச்சுப்போச்சோ?"

அவளுடைய முகத்தில் பயம் இருந்தது, வேறொன்றும் இல்லை. ஓம், புளித்துப்போய்விட்டது என்று சொன்னால் கதை அதோடு முடிந்திருக்கும். ரீச்சருக்கு அந்தப் பொய் வாயில் வரவில்லை.

"பழுதாகேல்லை. நான்தான் வைக்கேல்லை."

இராசமலர் ஏன் என்று கேட்கவில்லை. அதன் காரணத்தைக் கேட்டுத் தெரிய வேண்டிய நிலையில் அவள் ஒருநாளும் இருந்ததில்லை. குனிந்து குவளைகளை ஒவ்வொன்றாக அலசத் தொடங்கினாள். ஐந்தாறு குவளை கழுவிய பிறகு, தண்ணீருக்குச் சொல்வதுபோல மெல்லச் சொன்னாள்.

"இதைக் காண முன்னம் அவர் போனதும் நல்லதுதான். முதல் ஞாயிறு எண்டால் மனிசனுக்குப் பெருநாள் மாதிரி. கோயிலாலை வந்து சேட்டுக் கழட்ட முன்னம் சொல்லுவார், 'இண்டைக்கு அக்கா எங்கடை வீட்டிலை சாப்பிட்டவா' எண்டு. எனக்கு முதலிலை விளங்கேல்லை. பிறகு விளங்கிச்சுது. ஒவ்வொரு மாசமும் சொல்லுவார், ரீச்சர். போன மாசமும் சொன்னவர்."

ரீச்சர் கிணற்றுக் கட்டைப் பிடித்தார். விறைத்த காலில் இரத்தம் திரும்ப ஓடத் தொடங்கும்போது முதலில் வருவது நோவுதான். குத்தும், எரியும், ஊன்ற முடியாது. தம்பி ஏற்றுக்கொள்ளவில்லை. முப்பத்தொரு வருசம் அவன் விட்டுக்கொடுக்கவே இல்லை. கேட்பதை நிறுத்திவிட்டு, மாதம் ஒருமுறை அக்காவைத் தன் வீட்டுப் பந்தியில் இருத்தியிருக்கிறான். அவர் பாண் பிய்த்துக் காட்டி வாயால் சொன்ன பாடத்தை, அவன் ஒரு சொல் சொல்லாமல் செய்துகொண்டிருந்திருக்கிறான். அந்தப் பந்தியையும் நேற்றுச் சந்திக் கடையில் தானே குழப்பினார்.

"கொஞ்சம் நில்லும், வாறன்" என்றார்.

வெயில் உச்சியில் நின்றது. குடை கோயிலில் மறந்துபோய்க் கிடந்தது. ரீச்சர் வீட்டுக்கு நடந்தார், சீனி டப்பாவுக்குப் பின்னால் கையை விட்டுப் போத்தலை எடுத்தார், உடனே திரும்பி நடந்தார். வேலியடியில் நின்ற பொன்னம்பலத்தார் "எங்கை ரீச்சர் இந்த வெயிலுக்கை?" என்று கேட்டார். "தம்பி வீட்டை, சாப்பிட" என்றார். பொன்னம்பலத்தார் மறுகேள்வி கேட்க வாயைத் திறந்தது தெரிந்தது. ரீச்சர் நிற்கவில்லை.

இராசமலர் அடுப்படியில் இருந்தாள். முன்னால் ஒரு சாப்பாட்டுக் கோப்பை, கால் றாத்தல் பாண், சிரட்டையில் கொஞ்சம் சம்பல். தனி ஆளுக்கு அது போதும் என்று ஆக்கிய சாப்பாடு. ரீச்சர் போத்தலை அவளுக்கு முன்னால் வைத்தார். தானும் நிலத்திலேயே, முழங்கால் நோவைப் பார்க்காமல், எதிரே இருந்தார்.

"ஊத்தும்" என்றார். "உமக்கும் ஊத்தும்."

இராசமலர் எழும்பிப்போய் இரண்டு சில்வர் பேணி எடுத்துவந்து ஊற்றினாள். ரீச்சர் குடித்தார். ஒரு மிடறு இல்லை, பேணி நிறைய. கறுவா வாசம் தொண்டையில் இறங்கியது. முந்நூறு ஞாயிறும் இருந்த அதே வாசம், ஒரு குறையும் இல்லை. தூணடியில் தம்பி தட்டோடு நிற்பதும், தான் குடித்துக் கண் திறக்கும்போதெல்லாம் அவன் தன்னையே பார்த்துக்கொண்டு நின்றதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. பேணியைக் கீழே வைத்தார். மூன்று கிழமைக்குப் பிந்தி, வெட்கக்கேடான சத்தத்தோடு அழுகை வந்தது. இராசமலர் தேற்றவில்லை. அவளும் சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

வெகுநேரத்துக்குப் பிறகு ரீச்சர் கையை நீட்டினார். வேறு விதமாக நீட்ட அந்தக் கைக்குத் தெரியாது. இடது கைமேல் வலது கை, ஏந்தியபடி. இராசமலருக்கு அந்த வழக்கம் தெரியாது. மற்றவர்கள் முழங்காலில் நிற்பதை அவள் ஒருநாளும் கிட்ட நின்று பார்த்ததில்லை. பசிக்கிறது என்று நினைத்து, தன்னுடைய பாணைப் பிய்த்து, பெரிய பாதியை அந்தக் கையில் வைத்தாள்.

"சம்பலும் வைக்கவோ, ரீச்சர்?"

"ஓம்" என்றார் ரீச்சர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "வையும்."